சொட்டுகிற சுவர்

பொறியியல் படிக்கும் மகள் ப்ராஜெக்டுக்காகக் கண்ணாடிப் பெட்டியில் மணலைக் கொட்டி, அது சரியாமல் குறுக்கே பிளாஸ்டிக் அட்டையால் சுவர் வைத்திருந்தாள். மழை என்று சொல்லிச் சொம்பால் தண்ணீர் ஊற்றினாள். ஈர மணல் வாசம் என்னைப் போடியில் நான் பிறந்த வீட்டுக்குக் கூட்டிப்போனது.

அங்கே அடுப்படிக்குப் பின்னால் மலைச்சரிவைத் தாங்கி ஒரு கல்சுவர். அதன் ஓட்டைகளில் ஐப்பசி முழுக்க நீர் சொட்டும். அம்மா ஒவ்வொன்றின் கீழும் ஒரு பாத்திரம் வைப்பாள். அண்டாவுக்கு ஒரு குரல், ஈயச்சட்டிக்கு ஒரு குரல். கேட்டுக்கொண்டே தூங்கிப்போவோம்.

சித்தப்பாவைப் புதிதாகக் கல்யாணம் செய்து வந்த சித்தி ஓட்டைகளைச் சிமெண்டால் பூசிவிட்டாள். அடுத்த மழையில் பாத்திரங்கள் பேசவில்லை. விடிந்து பார்த்தால் சுவர் வயிறு தள்ளி நின்றது.

"பூரான் வருதுன்னு அடைச்சேன் மாமா," என்றாள் சித்தி அப்பாவிடம்.

"அங்கன யாரும் போகாதீக," என்ற அப்பா, கடப்பாரையோடு தான் மட்டும் போனார். ஒவ்வொரு ஓட்டையாகக் குத்தித் திறக்க, செந்நீர் பீய்ச்சியடித்தது. சுவர் விழவில்லை. சாயங்காலம் சித்திதான் ஓட்டைகளின் கீழே பாத்திரங்களை வைத்தாள்.

"அட்டை பிதுங்குதும்மா, வடிகால் விடாம விட்டுட்டேன்," என்றாள் மகள். அட்டையைத் துளைத்து ஸ்ட்ரா ஒன்றைச் செருகினாள். தண்ணீர் சொட்டத் தொடங்கியது.

என்னையறியாமல் எழுந்துபோய், அதன் கீழே ஒரு டம்ளரை வைத்தேன்.