அம்மாவின் கண்ணுக்குள் வைத்த லென்ஸ்

டெட்டால் வாடையையும் மீறி, அம்மாவின் விரல்களில் ரப்பர் பால் வாடை அடித்தது. நாகர்கோவிலில் ஒரு கண் ஆஸ்பத்திரி வார்டு. வலது கண்ணில் பெரிய கட்டோடு அம்மா. பக்கத்தில் நான், அப்போதுதான் டைப்பிஸ்ட் வேலைக்குச் சேர்ந்திருந்தவள்.

அம்மாவுக்குக் கீரிப்பாறை ரப்பர் எஸ்டேட்டில் பால்வெட்டு வேலை. கத்தி பட்டையை மெல்லச் சீவ வேண்டும், ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம். சுகரால் சீக்கிரமே புரை விழுந்து, அம்மாவின் கத்தி தப்பத் தொடங்கியிருந்தது.

"இனி ஒரு மரத்துல காயம் பாத்தேன்னா கத்திய வாங்கிருவேன்" என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அப்பா இல்லாத வீடு... அந்தக் கத்திதான் எங்களுக்குச் சோறு.

மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். டாக்டர் காட்டிய விரல்களை அம்மா சரியாக எண்ணிச் சொன்னாள். அப்புறம் கையை நீட்டினாள்.

"கண்ணாடிய தாங்க டாக்டரே."

முன்பு மாமாவுக்கு ஆபரேஷன் செய்தபோது சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்திருந்தார்கள். அது இல்லாமல் அவருக்கு ஆளே தெரியாது.

"அது பழைய ஆபரேஷன்மா. உங்களுக்கு மங்கின லென்ஸ எடுத்துட்டு, அங்கேயே புது லென்ஸ் வெச்சாச்சு. கிட்டத்துல பாக்க மட்டும் சாதா கண்ணாடி போதும்."

அம்மா என்னிடம் திரும்பினாள். "ஏட்டி, கண்ணுக்குள்ளயா? குனிஞ்சு வெட்டும்போ கீழ விழுந்திராதா?"

வார்டே சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை, பாவம்.

லீவு முடிந்து அம்மா வேலைக்குப் போன முதல் நாள், மனசு கேட்காமல் நானும் போனேன். சூப்பர்வைசர் பின்னாலேயே நின்றார். அம்மா கத்தியை வைத்து இழுத்தாள். பட்டை மெல்லிசாகச் சுருண்டு வந்தது, பால் மரத்தில் கட்டியிருந்த தேங்காய்ச் சிரட்டையில் இறங்கியது. அவர் அடுத்த மரத்துக்கு நடந்துவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அம்மா ஒரு கண்ணைப் பொத்தினாள், பிறகு மற்றதை. "மக்கா, இந்தக் கண்ணுக்குப் பால் வெள்ளையா இருக்கு. அதுக்கு சாயா மாதிரி இருக்கு. இத்தன நாளும் பாலு கெட்டுப்போச்சுன்னுல்லா நெனச்சேன்!"

இப்போதெல்லாம் இந்த ஆபரேஷனுக்குக் காலையில் போனால் சாயங்காலம் வீடு. எந்த லென்ஸ் வேண்டும் என்று நம்மிடமே கேட்கிறார்கள். போன மாதம் எனக்கும் வைத்தாயிற்று.

சொட்டு மருந்து விடுவது அம்மாதான். எண்பதை நெருங்குகிறாள், ஆனாலும் என் மகள் விட வந்தால் சம்மதிப்பதில்லை. அன்று வைத்த லென்ஸ் இன்றும் தெளிவாகத்தான் இருக்கிறது.

என் மேல் குனிந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தேன்... எத்தனை சுருக்கம். என் கண் மங்கியிருந்த வரைக்கும் அம்மாவுக்கு வயதாகவில்லை என்றே நினைத்திருந்தேன்.

"என்னட்டி அப்பிடிப் பாக்க? கண்ண மூடு, மருந்து வெளிய வருது பாரு."

மருந்தில்லை அம்மா.