கை கொடுக்க வேண்டாம்

இரண்டாவது மெழுகுவர்த்தியை ஏற்றிய அந்த ஞாயிறு காலை, ஆண்கள் பக்கத்து மூன்றாவது பெஞ்சில் அப்பா இருந்தார். அவருக்கு இந்தப் புறம், நடைபாதை ஓரத்தில், மாமா இருந்தார். பெண்கள் பக்கம் அம்மாவும், மடியில் ஐந்து மாதக் குழந்தையோடு மாமாவின் மனைவியான அத்தையும் இருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் பெஞ்சில் இல்லாதவன் நான் ஒருவன்தான். வீட்டில் முதன்முதலாகப் படித்தவன் என்பதால் தேவாலயத்தில் அன்றன்றைய வேதபாடத்தை வாசிக்கும் வேலை எனக்குத் தரப்பட்டிருந்தது. வாசித்து முடித்துப் பீடத்தின் ஓரமாக நின்றிருந்தேன். அதனால் எல்லாம் என் கண்ணுக்கு நேரே நடந்தது.

அம்பத்தூரில் எங்கள் தேவாலயம் அப்போது ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீளமான கொட்டகை. மழை பிடித்தால் ஆயரின் குரல் கேட்காது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளும் அட்வெந்து, காத்திருக்கும் காலம். ஞாயிற்றுக்கு ஒன்றாக, ஊதாத் தாள் சுற்றிய மெழுகுவர்த்திகளை ஏற்றுவோம். இரண்டாவது, சமாதானத்துக்கு. அந்தக் காலம் முழுவதும் ஆராதனையில் சமாதானத்தைக் கைமாற்றும் வழக்கமும் உண்டு. ஆயர் குவித்த இரு கைகளை முதல் பெஞ்சின் ஓரத்தில் இருப்பவரிடம் நீட்டுவார். அவர் அதைத் தம் உள்ளங்கைகளுக்குள் வாங்கி அடுத்தவருக்குத் திரும்புவார். சுவர் வரை போய், பின் பெஞ்சுக்குத் தாவி, வளைந்து வளைந்து கடைசி ஆள் வரைக்கும் அது போகும். நடுவில் ஒருவர் வாங்காவிட்டால் பின்னால் இருக்கும் யாருக்கும் கிடைக்காது. அப்படி நின்றதை அதுவரை நாங்கள் பார்த்ததில்லை.

மாமா என் அம்மாவின் தம்பி. அப்பாவும் அவரும் பாடியில் ஒரே தொழிற்சாலையில், ஒரே பிரஸ் மெஷினில் ஜோடி. மாமா தகட்டை உள்ளே வைப்பார், அப்பா பெடலை மிதிப்பார். மிதிக்கும் முன் அப்பா "கை!" என்று கத்துவார். மாமா கையை இழுத்துக்கொண்டு "எட்தாச்சு!" என்பார். பிறகுதான் மேலிருந்து இரும்பு இறங்கும். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் தடவை என்று தெரியாது. வீட்டில் தூக்கத்தில்கூட அப்பா "கை" என்று முனகுவதைக் கேட்டிருக்கிறேன்.

அந்த வருடம் வேலை நிறுத்தம் ஐந்தாவது மாதத்தைத் தொட்டிருந்தது. அத்தைக்குப் பால் வற்றிவிட்டது. குழந்தை அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்ததை நானே பார்த்தேன். ஒரு திங்கட்கிழமை மாமா யாரிடமும் சொல்லாமல் தொழிற்சாலை கேட்டுக்குள் வேலைக்குப் போய்விட்டார். அப்பா அன்று சாப்பிடவில்லை. அந்த வியாழக்கிழமை சங்கத்துக்காரர் ஒருவரோடு வந்து என் முன்னால் பெரிய காகிதத்தை விரித்தார்.

"ஒன் எழுத்து முத்து முத்தா கீது நைனா. உள்ள போனவனுங்க பேரை எழுது."

அப்பாவே நான்கு பெயர்களைச் சொன்னார். பிறகு சற்றுப் பொறுத்து, "அவன் பேரையும் போடு" என்றார். போட்டேன். அவர்கள் கேட்டது பெயர்கள் மட்டும்தான். படித்த தமிழைக் காட்ட வேண்டுமென்று கீழே ஒரு வரியை நானாகச் சேர்த்தேன்: 'இவர்களுக்கு யாரும் கை கொடுக்க வேண்டாம்.' உதவாதீர்கள் என்ற பொருளில்தான் எழுதினேன். சங்கத்துக்காரர் அதை அப்பாவுக்குப் படித்துக் காட்டிவிட்டு என் முதுகில் தட்டி, "படிச்சவன் படிச்சவன்தான்பா" என்றார்.

மறுநாள் டீக்கடைச் சுவரில் அது ஒட்டப்பட்டிருந்தது. மாமாவுக்குப் படிக்கத் தெரியாது. அவருக்கு வரும் காகிதம் எதுவானாலும் நான்தான் வாசித்துச் சொல்வேன். அன்றும் என்னைத்தான் வழிமறித்தார்.

"இன்னாடா எழுதிகீது அதுல? எல்லாம் என்னப் பாத்து சிரிச்சிகினு கீறானுங்க."

"சங்கத்து விஷயம் மாமா" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, ஊட்டுக்குப் போ, மழ வருது" என்றார்.

காகிதத்தில் இருந்தது தெரியாததால்தான் அந்த ஞாயிறு மாமா வழக்கமான இடத்திலேயே வந்து உட்கார்ந்தார். சமாதானம் முதல் பெஞ்சைத் தாண்டி, இரண்டாவதைத் தாண்டி, மாமாவின் கைக்கு வந்தது. வாங்கிக்கொண்டு அப்பா பக்கம் திரும்பினார். அப்பாவின் கைகள் முழங்கால் மேல் இருந்தன, அசையவில்லை. மாமாவின் குவிந்த கைகள் அப்படியே நின்றன. பின் பெஞ்சுகளில் எல்லோரும் காத்திருந்தார்கள். என் எழுத்தை அப்பா எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றிக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரிந்தது. இறங்கிப் போய் அந்தக் கைகளை நான் பிடித்திருக்கலாம். பீடத்திலிருந்து பத்தடிதான். போகவில்லை. ஆயர் பாட்டு எண்ணைச் சொன்னார். மாமா கைகளை மெல்லப் பிரித்து வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை அந்த மெஷினில் அவரோடு நின்றவர், வெளியூரிலிருந்து கூட்டி வந்த புது ஆள். "கை" என்று கத்த வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. பெடலை மிதித்துவிட்டார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். குரல் உயரவில்லை. "ஞாயித்துக்கெழம சர்ச்சுல மச்சான் கையப் புடிச்சிகினு சொல்லிடலாம்னு இருந்தாரு தம்பி, இனிமே உள்ள போவலன்னு. உங்கப்பா கை குடுக்கல. அப்பால யாருக்காவ வெளிய நிக்கறதுன்னு மறுபடி உள்ள போயிட்டாரு."

நான்காவது ஞாயிறு மாமா வந்தார், வலது கையில் பெரிய கட்டோடு. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். சமாதானம் அப்பாவின் கைக்கு வந்ததும் அவர் பக்கத்து ஆளிடம் திரும்பவில்லை. எழுந்து, குவித்த கைகளோடு நடைபாதையில் நடந்து, மாமாவின் முன்னால் போய் நின்றார்.

"மச்சான், கை குடு."

"எந்தக் கைய மச்சான்?" என்றார் மாமா. கிண்டலாகத்தான் கேட்டார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. அப்பா அந்தக் கட்டை இரண்டு உள்ளங்கைகளுக்குள் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். மன்னிப்பு என்ற சொல் அன்றும் வரவில்லை, பிறகும் வரவில்லை.

மாமாவிடம் நான் மட்டும் மன்னிப்புக் கேட்டேன், அந்த வரியை எழுதியது நான்தான் என்று சொல்லி. மாமா, "அப்பவே படிச்சிக் காட்டியிருந்தா, எல்லார் முன்னாடியும் கைய நீட்டியிருக்க மாட்டேன் இல்ல?" என்றார். அதற்கு மேல் அவர் அதைப் பேசியதில்லை.

இப்போது தேவாலயத்துக்குக் கான்கிரீட் கூரை. நான் ஆவடியில் ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுக்கிறேன். மாமா பட்டாபிராம் ரயில் நிலையம் பக்கம் சைக்கிள் ஸ்டாண்டில் இடது கையால் டோக்கன் கிழித்துத் தருகிறார். இந்த வருடமும் இரண்டாவது மெழுகுவர்த்தி எரிந்தது. மூன்றாவது பெஞ்சில் நடைபாதை ஓரம் மாமா, அவரை அடுத்து அப்பா, சுவரோரம் நான். வந்ததை வாங்கிக்கொண்டு மாமா திரும்பினார். அப்பாவின் இரு கைகளுக்குள் அந்த வலது கையின் பெருவிரல் போய் மறைந்தது. சமாதானம் விலையில்லாமல் கிடைக்கிறது என்று ஆயர் பிரசங்கத்தில் சொன்னார். எங்கள் பெஞ்சுக்கு அதன் விலை நாலு விரல், நாலும் மாமாவுடையவை.