கறுப்புக் கவர்

உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகிற ரோட்டில் ஊர் முடிகிற இடத்தில் ஒரு பெட்ரோல் பங்க் இருக்கிறது. அங்கேதான் எனக்கு வேலை. நீலக் கோட்டு போட்டுக்கொண்டு டீசல் பக்கம் நிற்பேன். வருகிற டிரைவர்களை எல்லாம் 'அண்ணா' என்றுதான் கூப்பிடுவோம். அங்கே வேலை செய்கிற பெண்களான எங்களுக்கு அது ஒரு பாதுகாப்பு. குட்டியானை என்று சொல்கிற சின்ன லோடு வண்டியில் வரும் ஒருவரை மட்டும் நான் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "ஜீரோ பாத்துக்குங்க" என்பதோடு சரி. அதை யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் மனைவி இறந்தபோது மகள் ஒண்ணாவது படித்துக்கொண்டிருந்தாளாம். அதற்குப் பிறகு அவர்தான் அவளுக்கு எல்லாம். காலையில் வண்டியில் உட்கார வைத்து ஸ்கூலில் விட்டுவிட்டு லோடுக்குப் போவார். அவர் பின்னிவிட்ட சடை ஒன்று மேலே இருக்கும், ஒன்று கீழே இருக்கும். டீசல் போடும்போது அதைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொள்வேன். என்னைக் கட்டியவர் வேறொருத்தியோடு வந்தவாசிப் பக்கம் போய்விட்டதால், விவாகரத்து வாங்கிக்கொண்டு நான் அண்ணன் வீட்டில் இருந்தேன். பிள்ளை இல்லை.

ஒருநாள் சாயங்காலம் அந்தப் பெண் தனியாக பங்க்குக்குள் வந்தாள். எட்டாவதுக்கு வந்திருந்தாள் அப்போது. ஸ்கூல் பையைப் பின்பக்கம் தாழ்த்திப் பிடித்திருந்தாள்.

"அக்கா, பாத்ரூம் எங்க கீது?"

பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. உள்ளே கூட்டிப் போய், என் பையில் இருந்த நாப்கினைக் கொடுத்து, எப்படி வைப்பது என்று சொல்லி, பாவாடையில் பட்டிருந்ததை அலசிவிட்டேன். அவளுக்கு அதுதான் முதல் தடவை.

"அப்பா கிட்ட சொல்லாதக்கா."

"சொல்லாம எப்பிடிம்மா?"

"சொன்னா அத்த வந்துடும். மஞ்சத்தண்ணி ஊத்தி, என் போட்டோவ போட்டு ரோட்ல பேனர் வெப்பாங்க. எங்க கிளாஸ் பசங்கல்லாம் பாப்பானுங்க. நான் ஸ்கூலுக்கே போ மாட்டேன்."

அவள் வயதில் என்னையும் நாற்காலியில் உட்கார வைத்துத் தெருவே வேடிக்கை பார்த்தது. தலை நிமிராமல் என் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஞாபகத்தில், சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அவர்கள் வீடு நான் மத்தியானம் சாப்பிட சைக்கிளில் வீட்டுக்குப் போகிற வழியில், வயலை ஒட்டி இருந்தது. பின்பக்கம் துணி துவைக்கிற கல். அதன்மேல் ஓட்டை பக்கெட் ஒன்று கவிழ்த்திருக்கும். மாதாமாதம் மெடிக்கலில் பேப்பரில் சுற்றி, கறுப்புக் கவரில் போட்டுக் கொடுப்பதை அப்படியே கொண்டுபோய் அந்த பக்கெட்டுக்கு அடியில் வைப்பேன். கூட ஒரு சாக்லேட். ஒரு தடவை கல் வைத்த ஹேர் கிளிப்.

இதுவரை சொன்னதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை. வைத்த கையோடு நான் கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பமாட்டேன். அந்த வீட்டின் பின்கதவை, கழுவாமல் கிடக்கும் பாத்திரங்களைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பேன். ஒருநாள் கொடியிலிருந்து அவருடைய காக்கிச் சட்டை கீழே விழுந்து கிடந்தது. எடுத்து மண்ணைத் தட்டினேன். தட்டிய பிறகும் அதைக் கொடியில் போடாமல் நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று எனக்கே தெரியாது.

அடுத்த வாரம் அவர் டீசல் போட வந்தார். முகம் சரியில்லை.

"ஒரே பேஜாரா கீதும்மா. எவனோ வூட்டு பின்னாடி வந்துகினு போறான்."

டீசல் குழாயைப் பிடித்தபடி மீட்டரையே பார்த்தேன்.

"பொண்ணு தலையில புது கிளிப்பு. யார் குடுத்தான்னா வாயத் தொறக்க மாட்டேன்றா. அழுவுறா. பக்கத்து வூட்டு ஆளு, மத்தியானத்துல சைக்கிள் சத்தம் கேட்டேன்றான். பொம்பள இல்லாத வூடு. நான் இன்னா பண்றது, நீயே சொல்லு."

"கொழந்தைய அடிக்காதீங்க."

"அடிக்கல. ஆனா அவன் மட்டும் கையில மாட்னான், கால ஒடச்சிடுவேன்."

அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் நாலு வண்டி பின்னால் நிற்கும்போது, ஒரு ஆம்பளையிடம், அவர் மகள் பெரியவளாகி மாதக்கணக்கில் ஆகிறது என்று எந்த வார்த்தையில் சொல்வது? சொன்னால், நீ ஏன் இதைச் செய்தாய் என்று கேட்பார். அந்தக் கேள்விக்குத்தான் அதிகம் பயந்தேன்.

இந்த ஒரு தடவை கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். "நாளைக்கு தாமல் ஊருல லோடு, சாயங்காலம்தான் வருவேன்" என்று அவரே என்னிடம் சொல்லியிருந்தார். அதே வார்த்தையை டீக்கடையிலும் மண்டியிலும் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார் என்பது எனக்குத் தெரியாது.

மறுநாள் மத்தியானம் பக்கெட்டைத் தூக்கியபோது பின்னாலிருந்து ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது. திரும்பினால் அவர். வைக்கோல் போருக்குப் பின்னாலிருந்து இன்னும் மூன்று ஆண்கள் கட்டையோடு ஓடி வந்தார்கள். தென்னேரியில் கட்டிக்கொடுத்த அவர் தங்கச்சி பின்கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

"நீயா?" என்றார் அவர்.

தங்கச்சி கவரைப் பிடுங்கி இழுத்தாள். கிழிந்தது. நாப்கின் எல்லாம் அத்தனை ஆம்பளைகளின் காலடியில் மண்ணில் சிதறியது. அவர் என் கையை விட்டுவிட்டுத் தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மற்றவர்கள் கட்டையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள்.

அந்தப் பெண் ஓடி வந்தாள். அன்று ஸ்கூலுக்கு அனுப்பவில்லை போல. "அது எனக்குதான்! அக்காவ ஒண்ணும் பண்ணாதீங்க!" என்று கத்தினாள். அவ்வளவு காலம் ஒளித்து வைத்ததைத் தெருவுக்கே சொல்லிவிட்டாள்.

"பெத்தவனுக்கும் தெரியாம, அத்தைக்கும் தெரியாம, இதுல உனக்கு இன்னா வேல?" என்று தங்கச்சி என்னைக் கேட்டாள். "பொண்ண கையில போட்டுக்கினு அப்பன வளைக்கப் பாத்தியா?"

பக்கத்து வீட்டுக்காரம்மா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஒருநா கொடியாண்ட ஒரு பொம்பள சொக்காவ மாருல வெச்சிக்கினு நின்னுச்சி. உங்க சொந்தம்னு நெனச்சேன். இதுதானா?" என்றார்.

இல்லை என்று சொல்ல எனக்கு வழி இல்லை. பொய்யான பழி என்றால் கத்தியிருப்பேன், மண்ணை வாரித் தூற்றியிருப்பேன். அந்தப் பிள்ளைக்காகத்தான் வந்தேன் என்பது நிஜம். அவருக்காகவும் வந்தேன் என்பதும் நிஜம். கீழே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். அவளும் கூட உட்கார்ந்து பொறுக்கினாள்.

அந்த மாதமே சடங்கு வைத்தார்கள். பேனர் எங்கள் பங்க்குக்கு எதிரிலேயே வந்தது. கிரீடம் வைத்து, பின்னால் அருவி விழ, அவளைச் சிரிக்க வைத்து எடுத்த படம். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியவில்லை என்று அது நாள் முழுக்க எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. மேனேஜரிடம் கேட்டு, அதற்கு முதுகு காட்டி நிற்கிற மாதிரி பைக் பக்கம் மாற்றிக்கொண்டேன். வீட்டில் அண்ணன் என்னோடு பேசவில்லை. அந்தப் பெண்ணின் அப்பா வேறு பங்க்குக்குப் போய் டீசல் போட்டுக்கொண்டிருந்தார்.

மழைக்காலம் தொடங்கியபோது ஒரு காலையில் வந்தார். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு என்னிடம் நடந்து வந்தார்.

"மெடிக்கல்ல போயி நின்னேன். எதக் கேக்கறதுன்னு தெரியல. ஆளுங்க இருந்தாங்க, இருமல் மருந்து வாங்கிக்கினு வந்துட்டேன்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டே எதை வாங்க வேண்டும் என்று சொன்னேன். அவரும் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டுவிட்டு, பிறகு சொன்னார்.

"அன்னிக்கு நான் ஒரு வார்த்த பேசியிருக்கணும். அவங்க எல்லாம் பேசுனப்போ மரம் மாதிரி நின்னுட்டேன். அத நெனச்சா சோறு எறங்க மாட்டேன்னுது."

"உங்க தங்கச்சி சொன்னது..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்."

"பொய்யில்ல," என்றேன். சொல்லி முடித்ததும் காது வரைக்கும் சூடு ஏறியது. ஒரு பைக்காரர் ஹாரன் அடித்தார். போய்விட்டேன்.

கொஞ்ச நாள் கழித்து அவர், கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று கேட்டபோது முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னேன். சரி என்றால் ஊர் பேசியது எல்லாம் ஜெயித்த மாதிரி ஆகிவிடுமே என்று இருந்தது. அவர் அவசரப்படுத்தவில்லை. அந்தப் பெண்தான் ஸ்கூல் விட்டு வரும்போதெல்லாம் பங்க்கில் இறங்கி, "இன்னாக்கா முடிவு பண்ண?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

போன தை மாதம் பழையசீவரம் மலைக்கோயிலில் தாலி கட்டினார். வந்தது சில பேர்தான். திரும்பும்போது பெண்கள் எல்லாம் குட்டியானையின் பின்பக்கம் பாய் விரித்து உட்கார்ந்தோம். அவர் தங்கச்சி எனக்கு எதிரில். கண்ணைப் பார்க்காமலே பாட்டிலை நீட்டி, "தண்ணி குடிக்கிறீங்களா அண்ணி?" என்றாள். வாங்கிக் குடித்தேன். அந்த 'அண்ணி'யைக் கேட்டு முகத்தை எங்கே திருப்புவது என்று தெரியாமல், ஊர் வருகிற வரைக்கும் பாலாற்றுப் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.