ஊசி கோக்கப் போன மகள்

மாடிவீட்டுத் தையல்காரிக்குக் கீழ்வீட்டுத் தையல்காரியைக் கண்டாலே ஆகாது. ஒரே கட்டடத்தில் இரண்டு தையல் மிஷின் ஓடினால் வேறென்ன நடக்கும்? பன்னிரண்டு வருஷமாகக் குனிந்து தைத்துக் கழுத்து வலி கண்டவள் இவள். ஆனால் தெருவே, "கீழ்வீட்டம்மா வெட்டினாதான் ஜாக்கெட் கழுத்து சரியா உக்காருது" என்றது.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். பெற்ற மகள் கட்சி மாறியதைத்தான் தாங்க முடியவில்லை.

"முடியாதவங்களுக்கு நாமதான் ஓடிப்போய்ச் செய்யணும், அவங்க வாய்விட்டுக் கேக்கட்டும்னு நிக்கக் கூடாது" என்று சோறு ஊட்டும்போதே சொல்லி வளர்த்தவள் இவள்தான். ஒன்பது வயது மகள் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். கீழ்வீட்டுக்காரிக்குக் கண்ணாடி போட்டும் ஊசிக்காது தெரியாமல் போனதும், பள்ளி விட்டு வந்த கையோடு அங்கே போய் நூல் கோத்துக் கொடுத்தாள். போதாக்குறைக்கு "பெரியம்மா" என்று வேறு கூப்பிட்டாள். இருவரும் சிரிப்பது மாடிவரை கேட்டது. இவள் மிஷினை இன்னும் வேகமாக மிதித்தாள்.

போகாதே என்று எந்த வாயால் சொல்வது? ஒருநாள் ஜன்னலோரம், நல்ல வெளிச்சத்தில், ஊசியைத் தூக்கிப் பிடித்து, "எனக்கும் கண்ணு சரியா தெரியலடி" என்றாள். பச்சைப் பொய். மகள் பதறிப்போய்க் கோத்துக் கொடுத்தாள். அன்றும் மறுநாளும் கீழே போகவே இல்லை. இவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே தைத்தாள்.

மூன்றாம் நாள் மகள் கையில் மூக்குக்கண்ணாடியோடு ஏறி வந்தாள்.

"உனக்குக் கண்ணு தெரியலன்னு பெரியம்மாகிட்ட சொன்னேம்மா. அவங்ககிட்ட இருக்கறது இது ஒண்ணுதான். 'உங்கம்மாவுக்குத்தான் நிறைய வேலை, அவ போட்டுக்கட்டும்'னு குடுத்துட்டாங்க. இனிமே அவங்களுக்குக் கண்ணு ஒண்ணுமே தெரியாது. அதனால காலையிலயும் நான் போறேன்."

இவள் மாட்டிப் பார்த்தாள். மகள் முகமே கலங்கித் தெரிந்தது. கழற்றிவிட்டாள்.

"என் கண்ணுக்கு ஒண்ணுமில்லடி. நீ அங்க போறது எனக்குப் பொறுக்கல. அதான் பொய் சொன்னேன்."

இவள் நீட்டிய கண்ணாடியை மகள் வாங்கவில்லை.

"நான் கொண்டுபோக மாட்டேன்" என்றாள். "அவங்க ஊசிய கையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. நீயே போய்க் குடு. அப்படியே நூலும் கோத்துக் குடுத்துட்டு வாம்மா."