நூற்றுக்கு எட்டு பவுண்டு

நெவில் ஆக்ஸ்டபி இருபத்தேழு வருடம் லாரி ஓட்டியவர். சொந்தமாக ஒரு டயர்கூடக் கிடையாது. டான்காஸ்டரில் ஒரு சரக்குக் கம்பெனியின் லாரியை, அவர்கள் போட்ட டீசலில் ஓட்டினார். ஆனால் காகிதத்தில் அவரும் ஒரு முதலாளி. ட்ரெவர் என்ற கணக்கர் அவர் பெயரில் சின்னதாக ஒரு கம்பெனி பதிந்து கொடுத்திருந்தார். சம்பளம் வாங்காமல் அதன் பெயரில் பில் போட்டுத்தான் கூலி வாங்கினார்.

"நூறு பவுண்டு கூலிக்கு மேல இருபது பவுண்டு வாட் வரி போட்டு அவங்ககிட்ட வாங்கு. ஒரே விகிதத் திட்டத்துல நீ கட்ட வேண்டியது பன்னெண்டுதான். மீதி எட்டு உன் பாக்கெட்டுக்கு. எல்லாம் சட்டப்படிதான்" என்று ட்ரெவர் அன்று சொன்னது உண்மைதான். அந்த எட்டு எட்டாகச் சேர்ந்துதான் விதர்ன்சி கடற்கரையில் ஒரு கேரவன் வீடு வந்தது. மனைவி ஜேனிஸ் அதற்கு மஞ்சள் திரை தைத்துப் போட்டாள்.

2017இல் சட்டம் மாறியது. தொழிலுக்கென்று பொருள் எதுவும் பெரிதாக வாங்காமல் உழைப்பை மட்டும் விற்பவர்கள் பன்னிரண்டல்ல, கிட்டத்தட்ட இருபதையும் கட்ட வேண்டும். நெவில் ட்ரெவரிடம் கேட்டார். "அது வேற ஆளுங்களுக்கு" என்றார் ட்ரெவர். நெவில் இரண்டாம் தடவை கேட்கவில்லை. கேட்க அவருக்கு விருப்பமும் இல்லை.

நான்கு வருடம் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு பிப்ரவரி காலை, லாரி யார்டு கேன்டீனில் ரோனி ஸ்கெல்டன் தட்டிலிருந்த முட்டையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான். அவனும் டிரைவர், அவனுக்கும் ட்ரெவர்தான் கணக்கர்.

"என்னடா, முட்டையோட சண்டையா?"

"வரி ஆபீஸ்லேர்ந்து லெட்டர் வந்திருக்கு நெவில். நாலு வருஷ வாட் பாக்கியையும் சேர்த்துக் கட்டணுமாம். அபராதம் தனி."

அடுத்த வாரம் இன்னொரு டிரைவருக்கு வந்தது. அதற்கடுத்த வாரம் இருவருக்கு. நெவில் ட்ரெவரைப் போனில் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. டயர் கடை மாடியிலிருந்த அலுவலகத்துக்கே போய்ப் பார்த்தார். பெயர்ப் பலகை இருந்த இடத்தில் நான்கு திருகாணி ஓட்டைகள் மட்டும் இருந்தன.

அன்றிலிருந்து தபால்காரரின் சிவப்பு வேன் தெருமுனையில் திரும்பினாலே நெவில் ஜன்னலோரம் வந்து நின்றுவிடுவார்.

"வரி ஆபீஸுக்கு நானே போன் பண்ணிச் சொல்லிடறேன். நாமளா முந்திச் சொன்னா அபராதத்த விட்டுடுவாங்களாம்" என்றார்.

"உனக்கென்ன பைத்தியமா? நம்ம பேரு அவங்க கண்ணுலயே படலன்னா? சும்மா இருக்கறவனக் கூப்பிட்டு அடி வாங்கறியே!" என்றாள் ஜேனிஸ்.

"தினம் கதவு இடுக்குல தபால் விழுற சத்தத்துக்கு நான் செத்துப் பொழைக்கிறேன் ஜேன்."

அவள் கெட்டிலில் தண்ணீர் பிடித்தாள்.

மறுநாள் நெவில் கூப்பிட்டபோது தொலைபேசியில் வந்த வரி ஆபீஸ் பெண் அதிகாரியின் குரல் இதமாக இருந்தது. பாக்கி பன்னிரண்டாயிரத்து நானூற்றுச் சொச்சம் பவுண்டு, தவணையில் கட்டலாம். தானாக முன்வந்ததால் அபராதம் இருக்காது என்றாள். நெவிலுக்கு மூச்சு வந்தது. நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"பதிவுக்காகச் சில கேள்வி, மிஸ்டர் ஆக்ஸ்டபி. எத்தனை கம்பெனிக்கு ஓட்டறீங்க?"

"ஒண்ணுதாங்க. பதினோரு வருஷமா. வேற எடத்துக்கு நான் போனதே இல்ல."

"லாரி?"

"அவங்களோடது."

"உங்களுக்கு முடியலன்னா, பதிலுக்கு நீங்க வேற டிரைவர அனுப்புவீங்களா?"

"நல்ல கதை! விட மாட்டாங்க. நான்தான் வேணும் அவங்களுக்கு. அவங்க பேரு போட்ட ஜாக்கெட்டத்தான் இப்பவும் போட்டிருக்கேன்" என்று சிரித்தார்.

அந்தப் பக்கம் சிரிப்பு வரவில்லை. விசைப்பலகை தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. அது நெடுநேரம் கேட்டது.

"ரொம்ப நன்றி. தெளிவா சொன்னீங்க" என்றாள்.

ஏப்ரலில் கேரவனை விற்றார்கள். வாங்கியவர்கள் மஞ்சள் திரையையும் சேர்த்தே கேட்டார்கள், ஜேனிஸ் கொடுத்துவிட்டாள். முதல் தவணை கட்டிய அன்று இருவரும் மீனும் சிப்ஸும் வாங்கிச் சாப்பிட்டார்கள்.

ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை முற்பகல், கடிதம் வந்தது. ஜேனிஸ்தான் பிரித்தாள். முதல் பக்கத்தைப் படித்து, திரும்ப முதலிலிருந்து படித்தாள்.

"வாட் விஷயம் முடிஞ்சுதாம்."

"அப்புறமென்ன?"

"நீ சொன்ன பதில்களப் பாத்தா, நீ சொந்தத் தொழில் பண்றவனே இல்லயாம். அந்தக் கம்பெனியோட சம்பள ஆளுதானாங்கறத விசாரிக்கணுமாம். அப்படின்னா பதினோரு வருஷ வருமான வரியையும் திரும்பக் கணக்குப் போடுவாங்களாம். அத்தனை வருஷப் பேப்பரையும் எடுத்து வெச்சுக்கச் சொல்றாங்க." அவள் தலையை நிமிர்த்தினாள். "நெவில், அந்தப் பொம்பளகிட்ட நீ என்ன சொன்ன?"

ட்ரெவர் கொடுத்திருந்த பேப்பர்கள் கொட்டகையில், மூன்று அட்டைப் பெட்டிகளில் இருந்தன. நெவில் செருப்பை மாட்டிக்கொண்டு, சாவியை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு நடந்தார்.