ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்ட தண்டவாளச் சத்தம்

போன மழைக்காலத்தில் இங்கே பம்பாயில் என் மருமகள் ஸ்டெல்லாவைப் பிரசவத்துக்குக் கொண்டுபோனோம். வெகுகாலம் காத்திருந்து உண்டான பிள்ளை. மறுநாள் மத்தியானமாகியும் பிறக்கவில்லை. பிள்ளையின் இதயத் துடிப்பு குறைகிறது என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா உள்ளே ஓடினார். கதவை மூடிவிட்டார்கள். என் மகன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். எனக்கு ஜெபமே வாயில் வரவில்லை.

அப்போது ஊர்க் கோயில் ஞாபகம் வந்தது. திருநெல்வேலிப் பக்கம் எங்கள் மாதா கோயில் முதலில் பனையோலைக் கொட்டகைதான். மணி வாங்க வசதியில்லாமல் வேப்பமரத்தில் தண்டவாளத் துண்டைக் கட்டி அடிப்பார்களாம். ஒருத்தி பிரசவத்தில் தவித்தபோது சாமியாரும் ஊரில் இல்லை. யாரோ ஓடிப்போய் அதை அடித்திருக்கிறார்கள். பனையேறிக்கொண்டிருந்தவர் முதற்கொண்டு எல்லாரும் அப்படியே நின்று மாதாவுக்கு ஒரு 'அருள் நிறை மரியே' ஜெபம் சொன்னார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். பிறகு கல்கோயில் வந்தது. தாராவியில் தோல் கம்பெனியில் வேலை பார்த்த நம் ஆட்கள் பெரிய மணி வாங்கி அனுப்பினார்கள். ஆனாலும் பிரசவ வலி என்றால் இன்றும் தண்டவாளம்தான். கேட்டவர் யாரானாலும் நின்று ஜெபிப்பார்.

கோயிலைப் பார்த்துக்கொள்ளும் ஊர் உபதேசியாருக்குப் போன் போட்டேன்.

"என்ன மதினி, பம்பாய்ல பிள்ள பெறுததுக்கு இங்க அடிக்கணுமாக்கும்?" என்று சிரித்தவர், நான் அழுவதைக் கேட்டதும், "அழாதிய. போனை வைக்காதிய, இந்தா அடிக்கேன்" என்று ஓடினார்.

நான் எதை அமுக்கினேனோ, டங், டங் என்று வராந்தா முழுக்கக் கேட்டது.

"எம்மா, ஸ்பீக்கர்ல கெடக்கு. எல்லாரும் பாக்காவ" என்றான் மகன்.

அணைக்கத் தெரியாமல் கூனிக் குறுகிப் போனேன். பக்கத்திலிருந்த, கோவண்டிப் பகுதியிலிருந்து வந்த முஸ்லிம் அம்மா இந்தியில் என்ன சத்தம் என்று கேட்டார். "பச்சே கே லியே" என்று கதவைக் காட்டினேன். பிள்ளைக்காக என்று அவ்வளவுதான் சொல்லத் தெரிந்தது. அவர் இரண்டு கையையும் ஏந்தினார். எதிரே ஒரு மராட்டிப் பெண் கண்ணை மூடிக் கும்பிட்டாள். அதட்ட வந்த ஆயாவும் நின்றுவிட்டாள். எங்கள் ஊர் மாதிரியே அந்த வராந்தாவும் நின்றது.

சத்தம் ஓயுமுன் உள்ளே பிள்ளை அழுதது.

பேத்தி. தாயும் சுகம். நர்ஸ் கொண்டுவந்து காட்டியபோது என்னை முந்திக்கொண்டு எட்டிப் பார்த்தவர் கோவண்டி அம்மாதான். போனில் உபதேசியார், "மதினி, நிப்பாட்டலாமா? கை கடுக்கு" என்றார். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது எனக்கு.

மாதாவுக்கு நன்றி. அதுவரை யாருக்கும் கேட்காமல் முந்தானைக்குள் ஜெபித்தவள் நான். இப்போது பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடம்கூட வேண்டிக்கொள்ளச் சொல்கிறேன். உங்களுக்குக் கஷ்டமென்றால் தனியாக அழாதீர்கள். மாதாவிடம் சொல்லுங்கள். பக்கத்து வீட்டிலும் சொல்லுங்கள். என் கதவைத் தட்டினால், கையிலிருக்கும் கரண்டியோடு அப்படியே நின்று உங்களுக்காக ஒரு அருள் நிறை மரியே சொல்வேன்.