கேட்டிருக்க வேண்டாத சீட்டு

கேரளாவில் பெருமாட்டிப் பக்கம், தமிழ்நாட்டு எல்லையிலிருந்து பஸ்ஸில் கால் மணி நேரம் வந்தால் எங்கள் மருந்துக்கடை. பதினாறு வருடமாக அங்கே பார்மசிஸ்டாக இருக்கிறேன். எனக்குக் கோபம் சட்டென்று வரும், வாயும் கொஞ்சம் நீளம். "உங்ககிட்டத் தலைவலி மாத்திரை வாங்கறதுக்கே ஜாமீன் வேணுமாட்ட இருக்குதுங்க" என்று பக்கத்து பேக்கரிக்காரர் கிண்டல் செய்வார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டவள் நான்.

அந்தக் கண்டிப்புக்குக் காரணம் இருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து சிலர் வந்து தூக்க மாத்திரையையும் வலி மாத்திரையையும் அட்டை அட்டையாகக் கேட்பார்கள். எல்லாம் போதைக்குத்தான். எங்கள் சாலையிலேயே ஒரு கடை அப்படி விற்று மாட்டிக்கொண்டது. பிறகு ஒரு நாள் டிரக் இன்ஸ்பெக்டர் எங்கள் கடைக்கும் வந்து ரிஜிஸ்டரைப் புரட்டினார். தப்பு எதுவும் இல்லை. போகும்போது, வருகிறவர்கள் எல்லாம் தமிழ்தானே என்று மலையாளத்தில் சாதாரணமாகத்தான் கேட்டார். நானும் தமிழ். அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. அன்றிலிருந்து எல்லை தாண்டி வருகிறவர்களுக்கு டாக்டர் சீட்டு இல்லாமல் எதுவும் கிடையாது என்று நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். முதலாளியும் சொல்லவில்லை, சர்க்காரும் சொல்லவில்லை. இருமல் மருந்துக்குக்கூட சீட்டுக் கேட்டேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். இடுப்பில் ஏழு மாதக் குழந்தை. கடையில் வேறு ஆள் இல்லாத நேரம் பார்த்து, எதிரில் பஸ் நிறுத்தத்தில் காத்திருந்து வந்திருக்கிறாள் என்று பிறகுதான் புரிந்தது.

"ஏனுங்க அக்கா, கரு தங்காம இருக்கறதுக்கு ஒரு மாத்திரை இருக்குதாமுங்க."

"ஆருக்கு?"

"எனக்குத்தானுங்க. நேத்து ராத்திரி உறை கிழிஞ்சு போச்சுங்க. இவனை ஆபரேசன் பண்ணித்தான் எடுத்தாங்க. ரெண்டு வருசத்துக்கு உண்டாகவே கூடாது, தையலுக்கு ஆபத்துன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. எங்கூர்ல மூணு கடைல கேட்டனுங்க. அந்த மாத்திரை வர்றதேயில்லைங்கறாங்க. அதுதான் பஸ் ஏறி வந்தேன்."

அவள் கேட்ட மாத்திரை எனக்குப் பின்னால் இரண்டாவது தட்டில் இருந்தது. அதற்கு டாக்டர் சீட்டு தேவையில்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். மூன்று நாளுக்குள் போட வேண்டும், எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. அலைய நேரமில்லாத மருந்து என்பதால்தான் அதைச் சீட்டில்லாமல் கொடுக்க விட்டிருக்கிறார்கள். தூக்க மாத்திரைக்குக் கட்டுப்பாடு வைத்ததும் நியாயம், இதற்கு வைக்காததும் நியாயம். நான்தான் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினேன்.

"சீட்டு இருக்குதா?" என்று கேட்டேன்.

பழக்கத்தில் வாய் தானாகக் கேட்டது என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது முழு உண்மை இல்லை. அவள் அத்தனை பணிந்து கேட்டதும் எனக்கு அதிகாரம் பண்ணத் தோன்றியது. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

"இதுக்கெல்லாம் சீட்டு வேணுங்களா?"

"பின்னே? டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வா கண்ணு."

அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டாள். நானும் டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சீட்டோடு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை டாக்டர் இல்லையாம். திங்கட்கிழமை ஆண் டாக்டர் மட்டும் இருந்தாராம், அவரிடம் சொல்ல வாய் வராமல் திரும்பிவிட்டாளாம். அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு நாளை எண்ணிப் பார்த்தேன். நாள் தள்ளிவிட்டது, பலன் குறைவாகத்தான் இருக்கும், மாதவிலக்குத் தள்ளிப்போனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ என்று சொல்லிக் கொடுத்தேன். அவள் கடையிலேயே தண்ணீர் வாங்கி விழுங்கினாள்.

மறுநாளே சீட்டுக் கேட்கிற சட்டத்தைக் கைவிட்டேன். தேவையான மருந்துக்கு மட்டும் கேட்டேன். பேக்கரிக்காரர்கூட, "என்னங்க, மேடத்துக்கு மனசு எளகிருச்சா?" என்று சிரித்தார்.

ஐந்து மாதம் கழித்து அவள் இரும்புச்சத்து மாத்திரை வாங்க வந்தாள். வயிறு நன்றாகத் தெரிந்தது. கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் மாத்திரையை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"தங்கிருச்சுங்க அக்கா," என்றாள் மெதுவாக. "ஆஸ்பத்திரிக்குப் போயிக் கலைச்சுக்கலாம்னு நெனைக்கறதுக்குள்ள ஊட்டுல எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. போக உடல. தையல் தாங்கோணும், கடைசி மாசம் பூரா ஆஸ்பத்திரியிலயே இருக்கோணும்னு டாக்டரம்மா சொல்றாங்க. பயமாத்தான் இருக்குது."

என் தப்பு என்று சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தேன். அவளே முந்திக்கொண்டாள்.

"நீங்க என்ன பண்ணுவீங்க, சட்டம் அப்படி. நாந்தான் சீட்டில்லாம வந்து நாளைக் கெடுத்துக்கிட்டேன். எங்க தோட்டத்துல வேலை செய்யற பொம்பளப் புள்ளைங்ககிட்டயெல்லாம் சொல்லி வெச்சிருக்கறனுங்க. அந்த மாத்திரைக்குச் சீட்டில்லாம போயிராதீங்க, அக்கா குடுக்க மாட்டாங்கன்னு."

சீட்டு வேண்டியதில்லை கண்ணு என்ற ஒரு வாக்கியம் போதும். பின்னால் ஆட்கள் நின்றார்கள். சொன்னால் அன்றைக்கு ஏன் கேட்டீர்கள் என்று அவள் கேட்பாள். நான் "பாத்துப் போ" என்றேன்.

அவள் பிறகு வரவில்லை. பிரசவம் எப்படி ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. அந்தத் தட்டில் மாத்திரை எப்போதும் இருக்கிறது, யார் கேட்டாலும் கொடுத்துவிடுவேன். அவள் ஊர்ப் பக்கத்திலிருந்து இன்றுவரை ஒரு பெண்ணும் வந்து கேட்கவில்லை.